உப்பு விற்ற ஊரிலிருந்து வந்த சம்பந்தி

என் அருமை மகனே,

நீயும் லேனாவும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்கள் என்று தெரிந்த பிறகுதான் உன் அப்பா மறுபடி வாக்கிங் போக ஆரம்பித்தார். உங்கள் வீட்டு வாசலில் பனி கொட்டிக் கிடக்கும் படத்தை மைதானத்தில் நடக்கிறவர்கள் எல்லோருக்கும் காட்டிவிட்டார். காட்டும்போது அவரே மஃப்ளரை இழுத்துக் காதை மூடிக்கொள்கிறாராம். நான் நன்றாக இருக்கிறேன். கல்யாணத்துக்கு வந்த தேங்காய்களைத் துருவித் துருவி எனக்குத் தோள்பட்டை வலிக்கிறது, அவ்வளவுதான்.

மாமா உனக்குப் பட்டம் கட்டிவிட்டு, மேடையைச் சுற்றிக்கொண்டு போய் லேனா பக்கம் நின்றாரே, அப்போது நீ என்னைப் பார்த்து ஒரு பார்வை பார்த்தாய். புரோகிதர் மந்திரம் சொல்லச் சொன்னதைக்கூடக் கவனிக்கவில்லை. விமான நிலையத்திலும் அதைத்தான் கேட்டாய், போனிலும் அதைத்தான் கேட்டாய். வரவே மாட்டேன் என்றவர் எப்படி வந்தார், வந்தவர் ஏன் பெண் வீட்டுக்காரர் ஆனார் என்று. போனில் ஆரம்பித்தால் பாதியில் "சரிம்மா, மீட்டிங் இருக்கு" என்பாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நிதானமாகப் படி. முடிந்தால் லேனாவுக்கும் மொழிபெயர்த்துச் சொல். அவள் அப்பாவைப் பற்றி அவளுக்கே தெரியாதது இதில் கொஞ்சம் இருக்கிறது.

நீ லேனாவைப் பற்றிச் சொன்னபோது இந்த வீட்டில் பெரிய பூகம்பம் எதுவும் வரவில்லை. உன் அப்பா இரண்டு நாள் பேசாமல் இருந்தார், மூன்றாம் நாள் "அந்தப் பொண்ணு காரம் சாப்பிடுமா?" என்று கேட்டார். அத்தோடு அவர் பக்கம் முடிந்தது. எனக்குக் கவலையெல்லாம் என் அண்ணனைப் பற்றித்தான். உன் மாமா இல்லாமல் இந்த வீட்டில் ஒரு காரியமும் நடந்ததில்லை என்பது உனக்குத் தெரியும். புவனகிரியில் எங்கள் நிலம் இரண்டு வருஷம் தொடர்ந்து வெள்ளாற்று வெள்ளத்தில் போனபோது, பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு கடலூர் முதுநகருக்கு வந்து கருவாட்டு மண்டியில் வேலைக்கு நின்றவர் அவர். பிறகு அதே தெருவில் சொந்தமாக மண்டி வைத்தார். அந்த வருமானத்தில்தான் நான் கல்லூரிக்குப் போனேன், மஞ்சக்குப்பத்தில் அரசு வேலைக்கு வந்தேன். உன் காது குத்துக்கு மடியில் வைத்துக்கொண்டவர், உன்னை ஜெர்மனிக்கு அனுப்பும்போது விமான நிலையத்துக்கு வெளியே கடைசிவரை கை காட்டிக்கொண்டு நின்றவர்.

அவரிடம் நான் கல்யாணச் சேதி சொன்னபோது கேட்டுக்கொண்டார். பெண்ணின் படத்தைக் காட்டினேன், நல்ல களையான முகம் என்றார். தேதி குறித்ததும்தான், தன்னை எதிர்பார்க்க வேண்டாம் என்று போனில் சொன்னார். ஊர் தெரியாது, உறவு தெரியாது, எதிர்ப்பக்கம் யார் உட்காருவார்கள், யாரோடு தாம்பூலம் மாற்றுவது என்று ஏதேதோ காரணம் சொன்னார். நான் அழுதேன். உன் அப்பா போய்ப் பேசினார். "நீங்க நல்லா நடத்துங்க மச்சான், நான் இங்கேருந்தே வாழ்த்துறேன்" என்று மாமா டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார். உனக்கு நாங்கள் முழுதும் சொல்லவில்லை. உடம்பு சரியில்லாமல் வரவே மாட்டேன் என்கிறார், எப்படியும் வந்துவிடுவார் என்று மழுப்பினோம். லீவு கிடைக்காமல் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால்தான் வந்து இறங்கப் போகிறவனை ஏன் கலங்கடிக்க வேண்டும் என்று நினைத்தோம்.

லேனாவின் அப்பா யோகன் உங்களுக்கு முன்னாலேயே வருகிறார் என்று தெரிந்ததும் வீடு அமர்க்களப்பட்டது. குளிர்காலத்தில் ஆற்றில் சுற்றுலாப் படகு ஓடாது, படகோட்டியான அவருக்கு வேலை இல்லை, அதனால் முன்கூட்டியே வந்து எல்லாவற்றையும் பார்க்க ஆசைப்படுகிறார் என்று நீ சொன்னாய். உன் அப்பா முள்கரண்டி வாங்கிக்கொண்டு வந்தார். நான் உங்கள் லூபெக் நகரத்தைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். சம்பந்தி வீட்டு ஊரைப் பற்றி நாலு விஷயம் தெரியாமல் எப்படிப் பேச்சுக் கொடுப்பது? டிராவ என்ற ஆறு சுற்றிக்கொண்டு ஓட நடுவில் தீவு மாதிரி இருக்கிற பழைய நகரம், தூரத்திலிருந்து பார்த்தால் ஏழு கூர்க்கோபுரங்கள், கல் கிடைக்காத மண்ணானதால் எல்லாம் செங்கல், ஒரு காலத்தில் ஹன்சா என்ற வணிகர் கூட்டமைப்புக்கே அதுதான் தலைநகரம் மாதிரி இருந்தது. இவ்வளவும் படித்துவிட்டேன். நகர மன்றத்தின் உயரமான முன்சுவரில் பெரிய பெரிய வட்ட ஓட்டைகள் விட்டிருக்கிறார்கள், காற்று தள்ளிச் சாய்த்துவிடாமல் இருக்க. அதை உன் அப்பாவிடம் காட்டியதும் "நம்ம ஆளுங்க பேனர்ல கிழிச்சி விடுறாங்களே, அதேதான்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

யோகன் நாங்கள் எதிர்பார்த்த மாதிரி இல்லை. நெடுநெடுவென்று, வெயில் பட்டால் தக்காளி மாதிரி சிவக்கிற முகம், பெரிய கை. முள்கரண்டியை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டுக் கையால் இட்லி பிட்டார். சென்னையிலிருந்து காரில் வரும்போது தென்பெண்ணைப் பாலத்தில் ஏறியதும் முதல் கேள்வி, இது என்ன ஆறு என்று. அப்புறம் ஒவ்வொரு பாலத்துக்கும் கேட்டார். உன் அப்பா அவரை வெள்ளிக் கடற்கரைக்குக் கூட்டிப்போனார். அழகாக இருக்கிறது, ஆனால் துறைமுகம் எங்கே என்றார். ஆற்று வாயில் படகு நிற்கும் இடத்தைப் பார்த்தால்தான் ஓர் ஊரைப் பார்த்த மாதிரி அவருக்கு. துறைமுகம் முதுநகரில் இருக்கிறது. அங்கேதான் மாமாவின் மண்டியும் இருக்கிறது. மறுநாள் உன் அப்பா சமையல்காரரைப் பார்க்கச் சிதம்பரம் போயிருந்ததால் யோகனை ஆட்டோவில் கூட்டிப்போகும் வேலை எனக்கு வந்தது. மாமாவின் தெருப் பக்கமே போகக் கூடாது என்று ஆட்டோக்காரரிடம் சொல்லி வைத்திருந்தேன்.

கெடிலம் ஆற்றைத் தாண்டினோம். முதுநகரில் உப்பனாற்றங்கரையில் இறங்கியதும் ஆற்றின் பெயருக்கு அர்த்தம் கேட்டார். உப்பு ஆறு என்றேன். அந்த மனிதர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது பார், உன் கல்யாண ஆல்பத்தில்கூட அப்படி ஒரு சிரிப்பு இல்லை. அவர் ஊரும் உப்பால் எழுந்த ஊர்தான் என்று என்னிடம் சொல்ல ஆரம்பித்தார். பேசிக்கொண்டே வாசனை பிடித்து நடந்தார். நான் வலப்பக்கம் திரும்பலாம் என்றால் அவர் இடப்பக்கம் திரும்புகிறார். வெயிலில் காயும் மீன் வாசனை எங்கே கூடுதலாக வருகிறதோ அங்கே கால் போகிறது. கடைசியில் எந்த மண்டி வாசலுக்குப் போகக் கூடாது என்று நினைத்தேனோ, அதே வாசலில் போய் நின்றார். உள்ளே மாமா உட்கார்ந்திருக்கிறார்.

மாமா என்னைப் பார்த்தார், பக்கத்தில் நிற்கிறவரைப் பார்த்தார், புரிந்துகொண்டார். எழுந்து பின்பக்கம் போய்க் கையை நன்றாகக் கழுவித் துண்டில் துடைத்துக்கொண்டு வந்தார். யோகன் கையை நீட்டினார். மாமா கையைக் கொடுக்காமல் கும்பிட்டார். யோகனும் நீட்டிய கையை மடக்கிக் கும்பிட்டார். நாற்காலி போட்டார்கள், இளநீர் வந்தது. ஆனால் யோகன் உட்காரவில்லை. ஓரத்தில் பிரித்து வைத்திருந்த உப்பு மூட்டைக்குப் போய் ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். பிறகு காய்ந்த வஞ்சிரத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். மாமாவுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "இன்னா பாப்பா, உங்க சம்பந்தி சரக்கு எடுக்க வந்தாரா?" என்றார்.

நான் யோகன் சொன்னதையெல்லாம் தமிழில் சொல்ல ஆரம்பித்தேன். அவர்கள் பக்கத்துக் கடலில் உப்பு குறைவு, வெயிலும் கிடையாது, அதனால் நம்மைப் போல் பாத்தி கட்டி உப்பு எடுக்க முடியாது. தெற்கே உள்ளடங்கின ஓர் ஊரில் நிலத்துக்கு அடியில் உப்புத் தண்ணீர். அதை இறைத்து, விறகு போட்டுக் காய்ச்சி, உப்பாக்கி, முதலில் வண்டியிலும் பிறகு வாய்க்கால் வெட்டிப் படகிலும் லூபெக்குக் கொண்டு வருவார்கள். அங்கே ஆற்றங்கரையில், ஊரின் பெரிய வாசலுக்குப் பக்கத்திலேயே உப்புக் கிடங்குகள். அங்கிருந்து கப்பலில் வடக்கே போகும். அந்தக் கடலில் பருவத்துக்குப் பருவம் ஹெர்ரிங் என்ற மீன், நம் மத்தி மாதிரி, கூட்டம் கூட்டமாக வரும். மீனை உப்பில் அடுக்கிப் பீப்பாயில் அடைத்து ஐரோப்பா முழுக்க அனுப்புவார்கள்.

"அவ்ளோ மீன யாரு வாங்குவாங்க?" என்று மாமா கேட்டார்.

விரத நாட்களில் அவர்கள் கறி சாப்பிடக் கூடாது, மீன் சாப்பிடலாம், வருஷத்தில் அப்படிப்பட்ட நாட்கள் ஏராளம் என்று யோகன் சொன்னார். இதைத் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் மாமா சிரிக்க ஆரம்பித்துவிட்டார். தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "பொரட்டாசி வந்தா நமக்கு யாவாரம் படுத்துடும் பாப்பா. அவுங்களுக்கு வெரதம் வந்தாத்தான் யாவாரமே. கொடுத்து வெச்ச ஊரு." இதை நான் ஆங்கிலத்தில் சொன்னதும் யோகனும் சிரித்தார். ஒரு மாதம் முழுக்க மீன் சாப்பிடாத ஊரில் கருவாட்டுக் கடை நடத்துகிற தைரியம் தங்கள் ஊர் வணிகர்களுக்கு இருந்திருக்காது என்றார்.

சிரிப்பு அடங்கியதும் மாமா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு என்னிடம், "இத கேளு. அந்த யாவாரிங்கள ஊருல எப்படி வெச்சிருந்தாங்க? மரியாதையாவா?" என்றார்.

கேட்டேன். யோகனுக்குக் கேள்வியே புரியவில்லை. இரண்டு முறை கேட்ட பிறகுதான் பதில் சொன்னார். ஊரே அவர்களுடையதுதான். நகர மன்றத்தில் உட்கார்ந்தவர்கள் அவர்கள்தான், பக்கத்தில் எந்த ராஜாவும் கிடையாது, எங்கேயோ தூரத்தில் ஒரு பேரரசர் மட்டும். ஊரில் பிஷப் கட்டிய பெரிய கோயில் ஒன்று இருந்தது. வணிகர்கள் அதைவிட உயரமாகத் தங்களுக்கென்று ஒரு மாதா கோயில் கட்டிக்கொண்டார்கள். இன்றைக்கும் படகில் வருகிறவர்கள் கண்ணுக்கு முதலில் படுவது அதன் இரட்டைக் கோபுரம்தான். உப்புக்கிடங்குகளை இப்போதும் இடிக்காமல் வைத்திருக்கிறார்கள். உள்ளே துணிக்கடை வந்துவிட்டது. ஆனால் படம் எடுக்க வருகிறவர்கள் யாரும் துணியைப் படம் எடுப்பதில்லை. இதைச் சொல்லிவிட்டு யோகன் படகுத் துறையைப் பார்க்கப் போனார்.

அவர் போனதும் மாமா என்னிடம் தலையை நிமிர்த்தாமல் பேசினார். அதை அப்படியே எழுதுகிறேன். "நல்ல மனுசன் பாப்பா. அதனாலதான் சொல்றேன், நான் வரல. ரெண்டு வருசம் முன்ன சிதம்பரத்துல உங்க சொந்தக்காரரு வீட்டு விசேசத்துல நான் போயி உக்காந்தேன். பக்கத்துல இருந்தவங்க எழுந்து போயிட்டாங்க. ஒருத்தரு சென்ட்டு அடிச்சாரு. குளிச்சுட்டுத்தான் போனேன், புது வேட்டிதான். நாப்பது வருசமா இதுல கெடக்குறேன், தோல்ல ஏறிடுச்சு போல. வெளிநாட்டுலேருந்து சம்பந்தி வர்றாரு, உன் ஆபீஸ் ஆளுங்க வருவாங்க. மேடையில நான் ஒனக்குக் கொறச்சல்."

ஊர் தெரியாது, உறவு தெரியாது என்று சொன்னதெல்லாம் சும்மா. இந்த மனிதர் எனக்காகத்தான் ஒதுங்கி நிற்கிறார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், அவர் வந்திருந்த வியாபாரியைக் கவனிக்க எழுந்துவிட்டார்.

அடுத்த நாள் மண்டபத்தைக் காட்ட யோகனைச் சிதம்பரம் கூட்டிப்போனோம். வெள்ளாற்றைத் தாண்டும்போது எங்கள் பழைய நிலம் இருந்த பக்கத்தைக் காட்டினேன். தேரோடும் நான்கு வீதிகளையும் நடந்தே சுற்ற வேண்டும் என்றார், சுற்றினோம். கோபுரத்தடியில் நின்று கழுத்து வலிக்கப் பார்த்தார். அவர் ஊரின் மாதா கோயிலில் போர்க்காலத்தில் குண்டு விழுந்து கோபுரம் எரிந்து, உள்ளே தொங்கிய பெரிய மணிகள் அறுந்து விழுந்தனவாம். விழுந்த இடத்திலேயே, உடைந்த நிலையிலேயே இன்றும் விட்டு வைத்திருக்கிறார்கள். கோயிலைத் திருப்பிக் கட்டினார்கள், மணியை மட்டும் எடுக்கவில்லை. அதைப் பார்க்க லேனாவை அவள் அம்மா சின்ன வயதில் அடிக்கடி கூட்டிப்போவாராம். நம் அம்மாக்கள் சொல்வது போல் அவரும், சண்டை போட்டால் என்ன ஆகும் பார் என்று அங்கே வைத்துத்தான் அவளுக்குப் புத்தி சொல்வாராம். இறந்து போன மனைவியைப் பற்றி யோகன் எங்களிடம் பேசியது அப்போதுதான் முதல் தடவை.

மண்டபத்தில் புரோகிதர் வந்திருந்தார். நல்ல மனிதர், யோகனிடம் சைகையிலேயே எல்லாம் விளக்கினார். தாரை வார்க்கும் இடம் வந்ததும் என்னிடம் திரும்பி, பெண்ணின் தாயார் இல்லை என்றால் தம்பதியாக யாராவது உட்கார்ந்துதான் தாரை வார்க்க வேண்டும், அதுதான் வழக்கம், பெண் வீட்டு உறவில் யாரை உட்கார வைக்கலாம் என்று கேட்டார். நான் தயங்கித் தயங்கி யோகனிடம் சொன்னேன். அவருக்கு அண்ணன் தம்பி கிடையாது. மனைவியும் ஒரே பெண். யாருமில்லை என்றார். காலியாக இருந்த மேடையைப் பார்த்தார். மாப்பிள்ளை பக்கம் எத்தனை பேர் இருப்பார்கள் என்று கேட்டார். மண்டபம் கொள்ளாது என்று உன் அப்பா உண்மையைச் சொல்லிவிட்டார். நான் அவர் காலை மிதித்தேன், பயன் இல்லை.

திரும்பி வரும்போது காரில் யோகன் கேட்டார், அந்த உப்புக்காரர் கல்யாணத்துக்கு வருவார் அல்லவா என்று. எனக்குப் பொய் சொல்ல மனம் வரவில்லை. தாய்மாமன் என்றால் நமக்கு என்ன என்பதிலிருந்து தொடங்கி மாமா சொன்னது வரை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தம் ஊரின் பெரிய வாசல், ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறதே இரட்டைக் கோபுர வாசல், அதைப் பற்றிச் சொன்னார். சேற்று நிலத்தில் கட்டியதால் கட்டும்போதே சாய ஆரம்பித்ததாம். ஒரு காலத்தில் அது பழசு, அசிங்கம், ரயில் வருகிற காலத்தில் வழியை அடைக்கிறது என்று இடித்துவிடப் பார்த்தார்கள். ஓட்டெடுப்பில் ஒரே ஓர் ஓட்டு வித்தியாசத்தில் தப்பியது. இன்று அந்த வாசல் இல்லாமல் லூபெக்கை யாரும் நினைக்கவே மாட்டார்கள். "நாளைக்கு என்னை மறுபடி அந்த மண்டிக்குக் கூட்டிப்போங்கள்" என்றார்.

மறுநாள் அவர் கொண்டு வந்திருந்த மார்சிபன் பெட்டியோடு போனோம். பாதாமும் சர்க்கரையும் சேர்த்து அரைத்த அந்த ஊர் இனிப்பு. மாமா ஒரு துண்டு வாயில் போட்டு, "பண்ருட்டி முந்திரியில செஞ்சிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்" என்று தீர்ப்புச் சொன்னார். மாமாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு உன் அத்தையும் வீட்டிலிருந்து வந்திருந்தாள். யோகன் நேராக விஷயத்துக்கு வந்தார். என் மகளுக்கு இந்த ஊரில் யாரும் இல்லை. எங்கள் ஊரிலும் என்னைத் தவிர யாரும் இல்லை. மேடையில் அவள் பக்கம் நிற்க ஒரு குடும்பம் வேண்டும். உங்களைக் கேட்க எனக்கு என்ன உரிமை என்று தெரியவில்லை, கேட்கிறேன், நீங்கள் அவளுக்குத் தாய்மாமனாக வருவீர்களா?

நான் தமிழில் சொன்னேன். மாமா பதறிவிட்டார். "ஐயையோ, வேணாம்னு சொல்லு பாப்பா. நான் பையனுக்கும் தாய்மாமன், பொண்ணுக்கும் தாய்மாமன்னா ரெண்டு பேரும் அண்ணன் தங்கச்சி ஆயிடுவாங்க. கல்யாணமே நின்னுடும்."

இதை நான் எப்படி ஆங்கிலத்தில் சொல்வேன்? கையால் காகிதத்தில் கோடு போட்டு, இது நான், இது அண்ணன், இது என் மகன், இது லேனா என்று விளக்கினேன். யோகன் மிகக் கவனமாகக் கேட்டுக்கொண்டு, அப்படியானால் எந்த உறவு சரிப்படும் என்று கேட்டார். மாமா அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஏதோ ஓடுவது எனக்குத் தெரிந்தது. உன் அத்தைக்கு அவருக்கும் முன்னால் புரிந்துவிட்டது. "நமக்கு ரெண்டும் ஆம்பளப் புள்ளைங்க" என்று மெதுவாகச் சொன்னாள்.

மாமா தலையை நிமிர்த்தினார். "அவரு கிட்ட சொல்லு. அந்தப் பொண்ணு எனக்குப் பொண்ணா இருக்கட்டும். எம் பொண்ணுன்னா எம் மருமவனுக்கு மொறப்பொண்ணு. எவன் வந்து கேள்வி கேக்குறான்னு பாத்துடுறேன். நானும் இவளும் உக்காந்து தாரை வாக்குறோம். ஆனா அவரு கையும் என் கை மேல இருக்கணும். பெத்தவரு அவருதான்."

நான் சொல்லி முடித்தேனா, பாதியில் அழுதுவிட்டேனா என்று நினைவில்லை. யோகனுக்கு எப்படியோ புரிந்துவிட்டது. மறுபடி கையை நீட்டினார். மாமா தன் கையைப் பார்த்தார். அன்று அவர் கை கழுவியிருக்கவில்லை, காலையிலிருந்து சரக்குப் பிரித்த கை. யோகன் அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. படகு கட்டுகிற கயிறு பிடித்துக் காய்த்த கை அவருடையது. இரண்டில் எது சொரசொரப்பு அதிகம் என்று சொல்வது கஷ்டம்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் மாமாவின் ராஜ்யம். லேனாவுக்குப் பட்டம் கட்டத் தாய்மாமன் வேண்டுமே என்றேன். "இவ தம்பி எதுக்கு இருக்கான்?" என்று உன் அத்தையின் தம்பியைப் போன் போட்டு வரவழைத்தார். அவரிடம் லேனாவைப் பிறந்ததிலிருந்தே தெரிந்தவர் மாதிரி பேசினார். பெண் அழைப்புக்கு முதுநகர்த் தெருவிலிருந்து இரண்டு வேன் நிறையப் பெண்கள் தட்டு ஏந்திக்கொண்டு வந்தார்களே, நீ யாரோ மண்டபத்துக்காரர் ஏற்பாடு என்று நினைத்தாய். அது அத்தனையும் பெண் வீட்டுக் கூட்டம். யோகன் கேட்டதற்கு மேல் ஆள் சேர்த்துக் கொடுத்துவிட்டார் உன் மாமா. அன்றைக்கு சென்ட் அடித்த அந்த உறவினர்கூடப் பந்தியில் உன் மாமா பக்கத்தில் இடம் தேடி உட்கார்ந்தார், வெளிநாட்டுச் சம்பந்தியிடம் அறிமுகம் வேண்டுமே. மாமா அவருக்கு இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றச் சொன்னார். நானாக இருந்தால் ஊற்றச் சொல்லியிருக்க மாட்டேன்.

இனி உனக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். நீ இருக்கிற ஊரை வேலை கிடைத்த ஊர் என்று மட்டும் நினைத்துக்கொண்டு இருந்துவிடாதே. நீ அங்கே போய் மூன்று வருஷம் ஆகிறது. அந்த உப்புக்கிடங்குகளைப் பற்றி ஒரு நாளாவது எங்களிடம் சொன்னாயா? தினமும் அதைத் தாண்டித்தான் ஆபீஸ் போகிறாயாம், யோகன் சொன்னார். வீடுகளுக்கு நடுவே குனிந்து நுழைகிற சந்துகள் அங்கே இருக்கின்றன, உள்ளே போனால் சின்ன முற்றமும் ரோஜாச் செடியுமாக இருக்கும் என்றார். ஞாயிற்றுக்கிழமை லேனாவோடு ஒவ்வொரு சந்தாகப் போய்ப் பார். மீன் கூட்டம் ஒரு காலத்தில் வேறு பக்கம் போய்விட்டது, பெரிய வியாபாரம் பெரிய கடல்களுக்குப் போய்விட்டது, ஊர் நொடித்துப் போனது. பழசை இடித்துப் புதுசு கட்ட வசதியில்லாமல் அப்படியே விட்டார்கள், அதனால்தான் இன்று அழகாக இருக்கிறது என்று யோகன் சொன்னபோது எனக்கு மனசுக்கு நிறைவாக இருந்தது. குடும்பத்திலும் அப்படிக் காலம் வரும். கையில் வேலை இல்லாத வருஷம், பேச்சு ஓடாத மாதம் எல்லாம் வரும். அப்போது எதையும் அவசரப்பட்டு இடிக்காதீர்கள். எனக்கும் உன் அப்பாவுக்கும் கல்யாணமான புதிதில் ஒரு மழைக்காலம் முழுக்கப் பேச்சு வார்த்தை இல்லை. காரணம் என்ன என்று இப்போது இரண்டு பேருக்குமே ஞாபகம் இல்லை. ஒரு நாள் மின்சாரம் போனது, மெழுகுவர்த்தி எங்கே என்று கேட்டார், சொன்னேன். அப்படித்தான் திரும்பியது.

வாரத்துக்கு ஒரு தடவையாவது யோகன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடு. தனியாக இருக்கிற மனிதர். வரமாட்டேன் என்று சொல்கிறவர்களைப் பார்த்து, சரி என்று விட்டுவிடாதே. ஏன் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேள். லேனா நம் வீட்டில் புடவை கட்டிக்கொண்டு, புரியாத பேச்சுக்கெல்லாம் சிரித்துக்கொண்டு அத்தனை நாள் இருந்தாள். அவள் மொழியை நீ ஆபீஸுக்கு வேண்டிய அளவு மட்டும் கற்றால் போதாது. அவள் கோபம் வந்தால் எப்படிப் பேசுவாளோ அந்த அளவுக்குக் கற்றுக்கொள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே உன் மாமா வந்துவிட்டார். பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்துவிட்டாராம். கோடைக்கு யோகன் படகு ஓட ஆரம்பித்ததும் அவரும் அத்தையும் மகள் வீட்டுக்கு வருகிறார்கள். யாருக்கு எழுதுகிறேன் என்று கேட்டார், உனக்கு என்றேன். தானும் ஒரு வரி சொல்கிறேன், அப்படியே எழுத வேண்டும் என்று எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"மாப்ளைக்கு எழுது. மருமவன்னு எழுதாத, மாப்ளைன்னு எழுது. எம் பொண்ணு கண்ணு கலங்குச்சுன்னு எனக்குத் தெரிஞ்சுது, தாய்மாமன்னு பாக்க மாட்டேன். பொண்ணப் பெத்தவனா வந்து நிப்பேன்."

எழுதிவிட்டேன். இனி உன் பாடு.

அம்மா